வீடு தமிழ்நாட்டில், தண்டனை கேரளாவில்: பரோல் தருவது யார்?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. கல்யாணம், காலேஜ், வேலை என்று எல்லாமே எல்லையின் இரு பக்கமும் நடக்கிற ஊர்கள் இவை. ஆனால் கிரிமினல் கேஸ் என்று வந்துவிட்டால், யார் எந்தப் பக்கம் என்பது முக்கியமாகிவிடும்.

2022-ல் பாறசாலை இளைஞர் கஷாயத்தில் விஷம் கலந்து கொல்லப்பட்ட வழக்கு ஞாபகம் இருக்கா? விஷம் கொடுக்கப்பட்ட வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில். விசாரித்தது கேரள போலீஸ். 2025 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது நெய்யாற்றின்கரை அமர்வு நீதிமன்றம். இப்படிப்பட்ட வழக்கில் ஒருவர் சிறைக்குப் போனால், பரோலுக்கு எந்த அரசிடம் போவது?

எந்த மாநில விதி?

வீடு எங்கே, குற்றம் எங்கே நடந்தது என்பது கணக்கில்லை. தண்டனையை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ அதிகாரம், தண்டனை விதிக்கப்பட்ட மாநில அரசுக்குத்தான். பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆக, நெய்யாற்றின்கரையில் தண்டனை பெற்று கேரளச் சிறையில் இருப்பவருக்கு கேரளச் சிறை விதிகள்தான். தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அவருக்குப் பொருந்தாது. ஆனால் அவர் வந்து தங்கப்போகும் ஊரின் போலீஸ் அறிக்கை முக்கியம். அது எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டியிருக்கும்.

வெளியே இருந்த நாட்கள் தண்டனையில் கழியுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பரோல் என்பது ஜாமீனும் இல்லை, விடுதலையும் இல்லை. கோவா ஆயுள் கைதிகள் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: முன்விடுதலைக்கான 14 ஆண்டுக் கணக்கில் பரோல் நாட்களைச் சேர்க்க முடியாது.

ராணுவத்துக்குப் போனால் தண்டனை நிற்குமா?

2024 மே மாதம் உக்ரைன், ராணுவத்தில் சேர விரும்பும் கைதிகளை நிபந்தனையோடு விடுவிக்கச் சட்டம் போட்டது. இந்தியாவில் அப்படி வழி இல்லை. இங்கே இருப்பது வேறு: ராணுவ நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்த வீரருக்கு, 1950 ராணுவச் சட்டத்தின் 182-வது பிரிவுப்படி தண்டனையை நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்திவைத்த காலம் தண்டனையில் கழியும். சாதாரண நீதிமன்றத் தண்டனைக்கு இந்தப் பிரிவு உதவாது.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் பரோல் மனு போடுகிறதா? முதலில் ரெண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தண்டனை கொடுத்தது எந்த மாநிலம்? வெளியே இருக்கும் நாட்கள் கணக்கில் வருமா?