விக்கிப்பீடியாவில் ஊர்ச் சண்டை

2019 நவம்பர் 26 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், சின்னசேலம் எல்லாம் அதோடு போய்விட்டன. ஆனால் 2011 கணக்கெடுப்பு விழுப்புரம் மாவட்டத்துக்குச் சொன்ன சுமார் 34.6 லட்சம் பேரில் அந்த ஊர்க்காரர்களும் அடக்கம். விக்கிப்பீடியாவில் ஒருவர் இந்த எண்ணை இன்றைய மாவட்டத்தின் மக்கள்தொகை என்று எழுதினால், இன்னொருவர் அழிப்பார். "அரசாங்கக் கணக்கையே அழிக்கிறீர்களா?" என்று முதலாமவர் திரும்பப் போடுவார். எண் சரி, சான்றும் சரி. அது எந்த எல்லைக்குள் எடுத்த கணக்கு என்பதைத்தான் இருவரும் எழுதவில்லை. "பிரிப்புக்கு முந்தைய மாவட்டத்தில், 2011 கணக்குப்படி" என்று சேர்த்துவிட்டால் சண்டைக்கு வேலையில்லை.

எல்லாச் சண்டையும் இவ்வளவு சுலபமாகத் தீராது. "நான் திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவன், என் ஊர் எனக்குத் தெரியாதா?" என்ற கோபம்தான் பாதிப் பூசலுக்குக் காரணம். உங்களுக்குத் தெரியும், சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து படிப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? மெய்யறிதன்மை என்று தமிழ் விக்கிப்பீடியா சொல்லும் விதி இதைத்தான் கேட்கிறது: உங்களோடு தொடர்பில்லாத, அச்சிலோ இணையத்திலோ வெளிவந்த, நம்பத்தக்க சான்று.

இந்த விதி சிற்றூர்களுக்குக் கொஞ்சம் கொடுமையானதுதான். பனமலைக் கோயிலின் பல்லவர் கால ஓவியத்தைப் பற்றி நூல்கள் உண்டு. பல ஊர்களின் ஏரிக்கோ வாரச்சந்தைக்கோ ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. ஆனாலும் விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைச் சாதிக் கட்டுரைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

நம் பகுதியில் அதிகம் புகையும் இடம் அது. பரம்பரை பற்றிய வரிகள் ஒரே நாளில் பல முறை மாறும். சான்று கேட்டால் நம் பகுதி அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டம் பற்றி 1878இல் கார்ஸ்டின் எழுதிய கையேடு, 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர், தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் நூல் ஆகியவற்றை எடுத்துப் போடுவார்கள். பதிப்புரிமை முடிந்தவை, இலவசமாகக் கிடைப்பவை. அந்தக் காலத்துத் தாலுகா எல்லைக்கும் பாசனத்துக்கும் அவை பயன்படும். சாதித் தோற்றத்துக்கு இந்த வகை ஆங்கிலேயர் கால நூல்களை ஆங்கில விக்கிப்பீடியாவின் அனுபவசாலிகள் ஏற்பதில்லை. எங்கள் சாதியை மேலே வையுங்கள் என்று சாதிச் சங்கங்கள் மனுப்போட்டு மோதிய காலம் அது. அதிகாரிகளும் காதில் விழுந்ததை எழுதினார்கள். சங்கங்களின் மாநாட்டு மலரும் உதவாது, தன்னைப் பற்றித் தானே சொல்வது சாட்சியாகாது. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆய்வு நூல் இருந்தால் கொண்டுவாருங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சாதித் தலைப்புகளுக்குத் தனிக் கட்டுப்பாடே உண்டு. ஒருமுறை எச்சரித்த பிறகும் அடங்காதவரை அந்தத் தலைப்பிலிருந்தே நிர்வாகிகள் விலக்கிவைக்கலாம்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 செப்டம்பர் சாலை மறியல் போன்ற நிகழ்வுகளை எழுதும்போது இன்னொரு வழி உண்டு. அந்த மறியலில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரி 28 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. இது நடந்த செய்தி, அப்படியே எழுதலாம். யார் மீது பழி என்பது கட்சிக்குக் கட்சி மாறும். அங்கே "இன்னார் இப்படிச் சொல்கிறார்" என்று சொன்னவர் பெயரோடு எழுதுவதே நடுநிலை. ஒரு தரப்பின் சொல்லைக் கலைக்களஞ்சியத்தின் சொந்தக் குரலில் எழுதினால் மறுதரப்பு சும்மா இருக்காது.

உங்கள் திருத்தத்தை ஒருவர் நீக்கிவிட்டால் முதலில் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, எந்தக் காரணம் எழுதி நீக்கினார் என்று படியுங்கள். மறுபடி போடாமல், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை நீக்கி மாற்றினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தடை விழும். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் போய் மாத்துங்க" என்று ஆள் திரட்டுவதும், இன்னொரு கணக்கு திறந்து நுழைவதும் இருக்கிற நியாயத்தையும் கெடுத்துவிடும். பேச்சுப் பக்கத்தில் பதில் வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம்.

உயிரோடிருப்பவரைப் பற்றிச் சான்றில்லாத அவதூறு இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே நீக்கலாம். அப்படி எழுதுகிறவருக்கும் ஆபத்துண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை. புனைபெயர் முழுக் கவசம் ஆகாது. 2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு விக்கிமீடியா அறக்கட்டளை மீது வழக்குப் போட்டபோது, தொகுத்தவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி நீதிமன்றம் கேட்டது. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தையும் அகற்றச் சொன்னது. அந்த அகற்றல் உத்தரவை 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புனைபெயர் முழுக் கவசம் ஆகாவிட்டாலும் சொந்தப் பெயரிலோ ஊர்ப் பெயரிலோ கணக்கு வைக்காதீர்கள். சாதிக் கட்டுரையில் தொடங்கும் பகை திரைக்குள்ளேயே நிற்கும் என்பதற்கு நம் மாவட்டத்தில் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பணம் கொடுத்தால் உங்கள் பெயரில் பக்கம் எழுதித் தருகிறோம், அழியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பேசுகிறவர்களிடமும் கவனம். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா இப்படிப்பட்ட ஒரு கும்பலின் 381 கணக்குகளை முடக்கியது. கட்டுரையைக் காப்பாற்ற மாதந்தோறும் பணம் கேட்டுச் சிலரை மிரட்டியதும் தெரியவந்தது. விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்துக்கும் கட்டணம் கிடையாது. கூலி வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

பக்கம் பூட்டியிருந்தால் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள். எந்த வரி, அது எப்படி மாற வேண்டும், நூலின் பெயர், பதிப்பித்த ஆண்டு, பக்க எண் என்று எழுதினால் போதும். உங்கள் கணக்கே தடைபட்டிருந்தால் உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்திலிருந்தே மேல்முறையீடு செய்யலாம். அதைப் படிப்பவர் தடை போட்ட நிர்வாகியாக இல்லாமல் வேறொரு நிர்வாகியாக இருப்பார்.