ஆகாயத்தில் காப்பிக்கும் காசு! "லேட்" ஆனால் இலவச டிபன்!!

விமானம் கிளம்புமுன் சேலை கட்டிய பணிப்பெண் சிரித்த முகத்துடன் தட்டை நீட்டுவார். தட்டில் மிட்டாய், காதுக்குப் பஞ்சு! பழைய இந்தியன் ஏர்லைன்சில் பறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளுக்கென்று கைநிறைய அள்ளி பாக்கெட்டில் போட்டவர்களும் உண்டு.

மிட்டாய் சும்மா உபசாரத்துக்கு அல்ல. மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காது "கும்"மென்று அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். அதற்குத்தான்!

அந்தக் காலம் போச்சு. 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் "ஏர் டெக்கான்" வந்தது. டிக்கெட் மலிவு, சாப்பாடு, தண்ணி பாட்டில் எல்லாம் காசுக்கு! "பஸ் கண்டக்டர் இட்லியா கொடுக்கிறார்?" என்று கேட்டால் பதில் இல்லைதான். பின்னால் வந்த மலிவுக் கட்டணக் கம்பெனிகளும் அதே வழியில் போய்விட்டன. இப்போது அவற்றில் காப்பி, சமோசா எல்லாமே விலைக்குத்தான்.

ஆனால் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் 2010-ல் ஒரு விதி போட்டது. சென்னை-மதுரை போன்ற, 2½ மணி நேரத்துக்குள் முடியும் பயணம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், காத்திருக்கும் பயணிக்குக் கம்பெனி ஓசியில் சாப்பிடக் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் டிக்கெட் ஆனாலும் சரி! கவுண்டருக்கு நேரத்தோடு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம்.

அதைவிட நீண்ட பயணமா? 5 மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம் கணக்கு.