நரம்புத் துவாரங்களும் அவற்றின் அளவைக் குறிக்கும் சொற்களும்

தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகள் பிரிகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை, அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கிடையே பக்கத்திற்கொன்றாக அமைந்த துவாரங்களின் வழியே வெளியேறுகின்றன. துவாரத்தின் முன்புறம் மெத்தை போன்ற இடைத்தட்டும், பின்புறம் சிறு மூட்டும் உள்ளன. தட்டு புடைத்தாலோ மூட்டு பருத்தாலோ வழி குறுகும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘பேட்டன்ட்’ என்ற சொல் காணப்படின், துவாரம் தடையின்றித் திறந்துள்ளது என்பதே பொருள். காப்புரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஸ்டெனோசிஸ்’ என்பது குறுக்கம். இதன் அளவை அறிய, நரம்பைச் சூழ்ந்துள்ள கொழுப்பை நோக்குவர். இடுப்புப் பகுதிக்கென 2010-இல் வெளியான ஒரு பகுப்புமுறையின்படி, கொழுப்பு எதிரெதிரான இருபுறங்களில் மறைந்திருப்பின் இலேசான குறுக்கம். நாற்புறமும் மறைந்திருப்பின் நடுத்தரம். நரம்பே நசுங்கி உருமாறியிருப்பின் கடுமை.

இச்சொற்கள் படத்தின் தோற்றத்தைக் குறிப்பனவேயன்றி வலியை அளப்பன அல்ல. குறுக்கம் இருந்தும் வலியற்றோர் பலர் உளர். மேலும், படம் பெரும்பாலும் படுத்த நிலையில் எடுக்கப்படுகிறது; துவாரமோ முதுகைப் பின்வளைக்கையில் குறுகி, முன்குனிகையில் விரியும் இயல்புடையது. ஆகவே ‘கடுமை’ என்ற சொல்லைக் கண்டு அஞ்சி வருவோரிடம் இதனை எடுத்துரைக்கலாம். ஆனால் கால் வலுவிழத்தல், சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிக் கழிதல் ஆகியன புதிதாகத் தோன்றின், அறிக்கை ‘இலேசு’ என்று கூறினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.