பூனைக்கு ஒரு பட்ஜெட்!

பி.காம். படித்தவனுக்கு எந்தப் பிரச்னையும் வரவு - செலவாகத்தான் தெரியும். எங்கள் வீட்டுக் கிட்டம்மா விஷயத்தில் வரவு ஏகப்பட்டது, செலவு பூஜ்யம். கிட்டம்மா எங்கள் பூனை. வயது 11. எடை ஆறரை கிலோ! வீட்டுப் பூனைக்கு நாலு, நாலரை கிலோவே தாராளம். 70 கிலோ ஆசாமி 100 கிலோ ஆன மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

எப்படி எடை போட்டேன் என்கிறீர்களா? மெஷினில் நான் மட்டும் ஏறி ஒரு தடவை. அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இன்னொரு தடவை. கழித்தால் கிட்டம்மா! (கையில் விழுந்த கீறலுக்கு மருந்துச் செலவு தனி.)

"ரெண்டு நாள் பட்டினி போடு... தானா இளைச்சுடும்" என்றார் மாடி வீட்டு நண்பர். கால்நடை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது மட்டும் வேண்டாம் சார். குண்டுப் பூனை சாப்பிடாம கிடந்தா, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரல்ல போய் சேர்ந்துடும். உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னாலே தூக்கிட்டு வந்துடுங்க."

முதலில் ரத்தப் பரிசோதனை. வயசான பூனை, கிட்னி, தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டுமே! எல்லாம் சரி. பிறகுதான் பட்ஜெட். வாரத்துக்கு எடையில் ஒரு சதவிகிதம் குறைந்தால் போதும். அதாவது 65 கிராம். நாலரை கிலோவுக்கு வர எட்டு, ஒன்பது மாதம் ஆகும்.

வெட்டு விழுந்தது பாலுக்கும் தயிர் சாதத்துக்கும். புரதத்தில் கை வைக்கக் கூடாது. வயசான பூனைக்குச் சதை கரைந்துவிடும். தவிர, பூனை பிறவி அசைவம். மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் பலவீனமாகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ல் வெளிப்படுத்தியவர் பால் பியான் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்.

கிட்டம்மாவுக்கு டாக்டர் எழுதித் தந்தது தினம் 200 கலோரி. உலர் தீவனம் 50 கிராமிலேயே கிட்டத்தட்ட அது வந்துவிடும். கை அளவு உதவாது, தராசுதான். நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நோட்டில் எழுதினேன்.

இரண்டு வாரமாகியும் எடை இறங்கவில்லை. கணக்கு டேலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் எழுதுவோமே... எங்கள் வீட்டில் அந்த அக்கவுண்ட்டின் பெயர் அம்மா!

"வாயில்லா ஜீவன்டா. நீ ஆபீஸ் போயிட்டா இந்த வீட்ல நானும் அதுவும்தான். காலைச் சுத்திச் சுத்தி வருது. அதுக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?"

அப்பா போன பிறகு அம்மாவுக்கு மத்தியானத் துணை கிட்டம்மாதான். இதற்கு எந்த டயட் சார்ட்டில் பதில் இருக்கிறது? டாக்டரிடம் இருந்தது. "கொடுக்கட்டும் சார், அந்த 50 கிராமிலிருந்தே கொடுக்கட்டும்!"

அன்றிலிருந்து தினமும் 15 கிராம் அம்மா டப்பாவுக்கு ஒதுக்கீடு. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் தூரத் தூரப் போடுகிறாள் அம்மா. ஓடிப் போய்ப் பொறுக்குகிறாள் கிட்டம்மா. சாப்பாடும் ஆச்சு, உடற்பயிற்சியும் ஆச்சு!

நாலு மாதத்தில் 900 கிராம் குறைந்திருக்கிறது. நோட்டு இப்போது அம்மா பொறுப்பில். போன ஞாயிற்றுக்கிழமை எடையை எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கிட்டு இளைச்சுட்டா. அடுத்த பக்கத்துல உன் பேரை எழுதட்டுமாடா?"