அடுப்படியும் ஆறுதலும்: எல்லை மலையில் அன்றும் இன்றும்

கேரளத்து உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. அன்று போனவர்கள் போன இடத்திலேயே தங்கினார்கள். காய் எடுக்கும் பருவம் முழுக்கத் தோட்டத்துக் கொட்டகைதான் வீடு; மூன்று கல்லைக் கூட்டினால் அதுதான் அடுப்பு. இன்று கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மேலே போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். ராத்திரி சொந்த வீட்டில், பிள்ளைகள் பக்கத்தில் படுக்க முடிகிறது. அதைச் சின்ன லாபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருட்டில் வரும் ஜீப்புக்கு அதற்கும் முந்திய இருட்டில் எழுந்து உலை வைக்க வேண்டியிருக்கிறது.

தூக்குவாளியில் போவது அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். சோறு, முந்தின நாள் குழம்பு அல்லது கெட்டியாக அரைத்த தேங்காய்த் துவையல், கிடைத்தால் ஒரு துண்டு சுட்ட கருவாடு. மதியம் செடி நிழலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி வாளியில் இன்னொருத்தி கைவைப்பதும் மாறவில்லை. 2020-இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது இந்தப் பெண்களுக்குக் கூலி நின்றது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வட்டமும் கூடவே நின்றுபோனதை யாரும் பேசவில்லை.

வடக்கே மூணாறு மலையின் கதை இன்னும் பழையது. கண்ணன் தேவன் மலைகளில் 1880-இல் முதல் தேயிலை நட்டார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் வரிசை லயங்களில் குடியேறின. ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. 1924 வெள்ளம் குண்டளை ரயில் பாதையை அடித்துப்போகும் வரை மலைமேல் ரயிலும் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கம் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி இறங்கியது. சம்பளம் குறைவு, குளிர் அதிகம். சமையல் அந்த இரண்டுக்கும் ஏற்றபடி அமைந்தது.

அன்றைய லயத்து அடுப்பை அதில் வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும். கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் விறகு மழைக்காலத்தில் ஈரம் காயாது. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவக்கும். கூரைத் தகட்டில் கரி படிந்து சொட்டும். ரேஷன் அரிசிக்குள் கிடந்த கல்லைப் பொறுக்க வெளிச்சம் போதாமல் வாசலுக்கு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் அதே முறத்தோடு அங்கே நிற்பாள். வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் பீன்ஸ், கோஸ், வேலியில் ஏறிய சௌசௌ. கிழங்கு கிடைத்த நாளில் கப்பையை அவித்து, பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் நசுக்கித் தொட்டுக்கொள்வார்கள்.

உடம்பு தளர்ந்தாலும் மனசு தளர்ந்தாலும் மருந்து ஒன்றுதான்: பூண்டு ரசம். வட்டவடைப் பூண்டு பல் சிறியது, மணமும் காரமும் கூடியது. அதை மிளகு சீரகத்தோடு அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் புளித்தண்ணீரில் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். சோற்றில் ஊற்றுவதற்கு முன் ஒரு டம்ளர் குடிக்கத் தருவார்கள். அதற்குப் பிறகு பால் சேர்க்காத கட்டன் சாயா, மறையூர்ச் சர்க்கரை எனும் வெல்லத்தை ஒரு கடி கடித்துக்கொண்டு. இன்று மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-இலும், காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விளைவிப்பவர்களுக்கு அது நல்லது.

இப்போது லயங்களில் கேஸ் வந்துவிட்டது. சோற்றுக்கும் வெந்நீருக்கும் மட்டும் பலர் இன்னும் விறகை விடவில்லை. மிக்ஸி அரைக்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது. கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பின. பழைய அடுப்பு திரும்பி வர வேண்டும் என்று ஒரு பெண்ணும் சொல்லமாட்டாள். சொல்ல எனக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கஷ்டமான வேலைகளுக்குள்தான் பேச்சு இருந்தது. குழாயடியில் குடம் நிறையும் வரை, முறத்தில் கல் பொறுக்கும் வரை, கொழுந்து கிள்ளும்போது பக்கத்து நிரைக்காரியோடு, மனசில் கிடப்பதைச் சொல்லிவிடலாம். கடன், புருஷனின் குடி, மகள் கல்யாணம் எல்லாம் அங்கே வெளியே வந்தன. கேட்டவளால் எதையும் தீர்த்துவைக்க முடிந்ததில்லை. இருந்தும் சொன்னவள் இறுக்கம் தளர்ந்துதான் வீடு திரும்பினாள். ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருவும், எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் பின்லே ஷீல்டு கால்பந்தும் இருந்தன, சாராயமும் இருந்தது. 1996 ஏப்ரல் 1 முதல் கேரளம் சாராயத்தைத் தடை செய்தது. குடி வேறு பெயரில் தொடர்ந்தது.

நிரையில் பேசிய பேச்சு வீண் பேச்சு அல்ல என்பதற்கு 2015 செப்டம்பரே சாட்சி. அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்ததும் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கினார்கள். அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கேட்டது 500. அந்தக் கூட்டத்தை எந்தத் தலைவரும் திரட்டவில்லை. பல வருஷம் பக்கத்து நிரையிடம் சொன்ன கவலைகள்தான் அங்கே வந்து உட்கார்ந்தன என்று நான் நினைக்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் வாழ்க்கை வேறு. ஆனால் அங்கேயும் அடுப்படி வேலை எளிதானது, பேச்சு குறைந்தது. கல்பாத்தி அக்ரஹாரத்து வீடுகளில் அன்றாடச் சமையல் மொளகூட்டல். பருப்பும் பூசணியோ கீரையோ வெந்ததும், தேங்காய், சீரகம், ஒரு வற்றல் மிளகாய் அரைத்துச் சேர்த்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. புளி கிடையாது, வயிற்றைப் படுத்தாது. அன்று அதை ஏழெட்டுப் பேருக்கு அரைத்த மாமி, கை காய்ந்ததும் திண்ணைக்கு வருவாள். எதிர்த் திண்ணையில் ஆள் இருக்கும். இன்று பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். ஒருவருக்கோ இருவருக்கோ அரைக்க மிக்ஸியின் சின்ன ஜார் போதும். நவம்பர்த் தேருக்குத் தெரு நிறையும். தேர் நிலைக்கு வந்த மறுவாரம் பல வீடுகளில் மறுபடி ஒரு தட்டுச் சாப்பாடுதான்.

புதிய ஆறுதல்களும் வராமல் இல்லை. 1998-இல் கேரளத்தில் குடும்பஸ்ரீ தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள் கூடும் அயல்கூட்டம், பணம் சேர்க்க உண்டானாலும், பல இடங்களில் குழாயடி விட்ட வேலையைச் செய்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மகளிர் சுய உதவிக் குழு அதே மாதிரி. கூடவே வாரத் தவணைக் கடன் என்ற புதுக் கவலையும் வந்து சேர்ந்தது. பிள்ளை கோயம்புத்தூரில் சாப்பிட்டானா என்று செல்போனில் உடனே கேட்டுவிடலாம். அன்று ஒரு கடிதத்துக்காக எத்தனையோ நாள் காத்திருந்தார்கள். ஆனால் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு மலையின் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனபோது, அங்கே போன் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியூருக்குத் தெரிந்தது. அதன் பிறகு மழை பிடித்தால் மலைச் சரிவு வீடுகளில் பலருக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பயத்துக்குப் பூண்டு ரசம் போதாது.

சமையல் எளிதானதில் மிச்சமான நேரம் எங்கே போனது? பாதி இன்னொரு வேலைக்குப் போனது. மீதி தனித்தனிக் கதவுக்குப் பின்னால், தனித்தனித் திரைக்கு முன்னால் போகிறது. மிச்சமான நேரத்தில் வாரம் ஒரு மாலையாவது ஒரே வீட்டு அடுப்பில் நாலு வீட்டுக்குக் கட்டன் போட்டு உட்காருங்கள். பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களும். அதிலும் தீராத பாரம் என்றால், மலையாளம் பேசும் ஆஸ்பத்திரியில் மனசைச் சொல்லத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.