மிளகாயும் காரம்தானே?

டெல்லியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்லும் பிள்ளைகள்தான் இவர்களும். அவர்களில் ஒரு சிறுவன் ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஒரு வாரம் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம், புளி, சலவை சோடா, சோப்பு ஆகியவற்றைக் கொண்டு போனேன். ஒரே நிபந்தனை: பொருளின் பெயரைத் தமிழில் சொன்னால்தான் அது கைக்கு வரும். 'ஹல்தி', 'நிம்பூ', 'இம்லி' எல்லாம் செல்லாது!

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி, காயவைத்து, பட்டை பட்டையாக நறுக்கினோம். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடம் மஞ்சளாகவே இருந்தது. சோப்புத் தண்ணீரும் சோடாக் கரைசலும் பட்ட இடம் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்ததும் மீண்டும் மஞ்சள்! பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தில் சிவக்கும். சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவப்பது இதனால்தான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிறோமே, அந்தச் சிவப்பும் இதே கதைதான். இவ்வாறு விளக்கிக் கொண்டிருந்தேன்.

"டீச்சர், மிளகாய்கூட காரம்தானே? அதுவும் சிவப்பா ஆகுமா?"

கேட்டது அந்த வாய் திறக்காத பையன்!

நாக்கில் உறைக்கும் காரம் வேறு, வேதியியல் சொல்லும் காரம் வேறு என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கத்துச் சமையலறையிலிருந்து பச்சைமிளகாய் வரவழைத்து, நானே நசுக்கி, அந்தத் தண்ணீரைத் தாளில் விட்டேன். மஞ்சள் மாறவே இல்லை. "அப்போ இது வேற காரம்" என்று அவனே சொன்னான்.

ஹிந்தியில் உறைப்புக்கு ஒரு சொல், வேதியியல் காரத்துக்கு வேறொரு சொல். அங்கே இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. தமிழில் பேசு என்று ஆறு மாதம் அதட்டியும் நடக்காததை ஒரு சந்தேகம் நடத்திக் காட்டிவிட்டது.

பெற்றோர்களே, இந்த ஞாயிறு உங்கள் அடுக்களையிலும் செய்து பாருங்கள். சலவை சோடாவையும் மிளகாயையும் பெரியவர்களே கையாளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஆனால் கேள்விகளை மட்டும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.