கார் மேற்பூச்சில் படிந்த பெயிண்ட் தெறிப்பை நீக்குதல்

வேறொரு பொருளுக்கு ஸ்ப்ரே கன் கொண்டு அடிக்கப்படும் பெயிண்ட்டின் நுண்துளிகள் காற்றில் பறந்து வந்து, அருகில் நிற்கும் காரின் மேல் ஒட்டிக்கொள்வது பெயிண்ட் தெறிப்பு எனப்படும். பட்டறைகளில் இதை 'ஓவர் ஸ்ப்ரே' என்பார்கள். கண்ணுக்கு இது மங்கலான புள்ளிகளாகவும், கைக்கு உப்புத்தாளைத் தொட்டதுபோன்ற சொரசொரப்பாகவும் தெரியும். பெரும்பாலும் இதை நீக்கிவிட முடியும். ஆனால் அவசரப்பட்டுத் தின்னரையோ உப்புத்தாளையோ கையில் எடுத்தால், வந்து ஒட்டிய பெயிண்ட்டோடு காரின் சொந்தப் பூச்சும் போய்விடும்.

தூத்துக்குடியும் பெயிண்ட் வேலையும்

கடற்கரை நகரங்களில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். உப்பு மிகுந்த கடலோரச் சூழலை, அரிப்பு மிக அதிகமான சி5 வகையில் சேர்க்கிறது ஐஎஸ்ஓ 12944 என்னும் பன்னாட்டுத் தரம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய துறைமுகங்களில் கிரேன்கள், எண்ணெய்த் தொட்டிகள், நிலக்கரி செல்லும் கன்வேயர்கள், கிடங்குக் கூரைகள் ஆகியவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுதுபார்த்துப் பெயிண்ட் அடிப்பதும் அந்த நாட்களில்தான். தூரிகையால் அடித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லை. ஸ்ப்ரே கன் வந்தால்தான் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோடையில் பிற்பகல் கடற்காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். தென்மேற்குப் பருவக் காலத்தில் பலத்த மேல்காற்று ஊரிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகையால் காலையில் பாதுகாப்பாக இருந்த இடம் பிற்பகலில் அப்படி இராது.

துளி எப்படி ஒட்டுகிறது?

ஸ்ப்ரே கன் பெயிண்ட்டை நுண்துளிகளாக உடைக்கிறது. அவற்றுள் ஒரு பகுதி இலக்கில் படியாமல் காற்றோடு போகிறது. பறக்கும்போதே துளியிலுள்ள கரைப்பான் ஆவியாகிறது. தொலைவிலிருந்து வரும் துளி பாதி காய்ந்து தூசிபோல வந்து மேலோட்டமாக ஒட்டும். பக்கத்திலிருந்து வரும் துளி ஈரமாகவே விழுந்து பரவி, இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பெயிண்ட்டின் வகையும் முக்கியம். சாதாரண எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல இறுகும். முழுக் கடினம் பெறச் சில நாட்களாகும். கப்பலுக்கும் கிரேனுக்கும் அடிக்கும் எப்பாக்சி போன்ற இரு கலவைப் பெயிண்ட்டுகள், பெயிண்ட்டும் கெட்டியாக்கியும் வினைபுரிந்து இறுகுபவை. கரைப்பான் ஆவியான பிறகும் இவற்றின் துளி ஒட்டும் தன்மையோடு இருக்கலாம். இறுகிவிட்டால் சாதாரணக் கரைப்பான் எதற்கும் கரையாது.

காப்பாற்ற வேண்டிய பூச்சு

காரின் தகட்டின் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பூச்சு, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று வரிசையாகப் பூச்சுகள் உள்ளன. தொழிற்சாலைப் பூச்சு எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் தாளின் தடிமனில் பாதி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்த மெல்லிய அடுக்கே. இது தேய்ந்தால் நிறம் வெளுக்கும், பூச்சு உரியும். தகடு வெளியே தெரிந்தால் உப்புக் காற்றில் துரு ஏறும். எனவே மேலே ஒட்டியதை மட்டும் எடுக்க வேண்டும், கிளியர் கோட்டை எடுக்கக் கூடாது. மென்மையான வழியில் தொடங்கி, அது பலிக்காதபோது மட்டுமே அடுத்த வழிக்குச் செல்ல வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

1. படம் எடுத்தல்: யாருடைய வேலையால் தெறித்தது என்பது தெரிந்தால், துடைக்கும் முன்பே தேதியுடன் படம் எடுத்து, வேலையை நடத்துபவரிடம் காட்ட வேண்டும். என்ன பெயிண்ட் என்றும் கேட்டறிய வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

2. கழுவுதல்: காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்த பின் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இங்கு காரின் மேல் மணல், உப்பு, நிலக்கரித் தூசி ஆகியவை இருக்கும். அவற்றோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். பிறகு கார் ஷாம்பூவால் கழுவ வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீர் வெள்ளைத் திட்டுகளை விடும் என்பதால், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் தேவை.

3. இனம் காணுதல்: கழுவியதும் போவது உப்பு. கழுவியும் போகாமல், செம்பழுப்பாகச் சுற்றிலும் கறை பரப்பும் புள்ளி துருப்பிடித்த இரும்புத் துகளாக இருக்கலாம். அதற்குத் தனி இரும்பு நீக்கி உண்டு. சீரான ஒரே நிறத்தில், காற்று வந்த பக்கம் மட்டும் நெருக்கமாக இருந்தால் அது பெயிண்ட் தெறிப்பாகவே இருக்கும். மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும்.

படிப்படியாக நீக்குதல்

முதல் படி, ஈரம் காயாத நிலை. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் புதிதாக இருந்தால் சோப்புத் தண்ணீரே போதும். எனாமல் பட்டு ஒரு நாளுக்குள் என்றால், மினரல் டர்பன்டைனை மென்மையான பருத்தித் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவலாம். எதையும் முதலில் கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் படி, கிளே பார். இது நுண்ணிய உராய்பொருள் கலந்த, பிசையக்கூடிய ஒரு கட்டி. ஜப்பானைச் சேர்ந்த ததாவோ கொதாத்தே 1990களில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பூச்சின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துகளை இது பற்றி இழுத்துவிடும். சமமான பரப்பில் வழுக்கிப் போகும். ஓர் அடிக்கு ஓர் அடிப் பரப்பில் ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, கட்டியை அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். சொரசொரப்பு நின்று வழுவழுப்பானதும் அடுத்த இடத்துக்குப் போகலாம். அடிக்கடி மடித்துப் பிசைந்து புதிய பக்கத்தைத் திருப்ப வேண்டும். கீழே விழுந்த கட்டியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஒட்டிய மணல் கோடு போட்டுவிடும். பெரும்பாலான தெறிப்புகள் இந்தப் படியிலேயே போய்விடும்.

மூன்றாம் படி, மென்மையான பாலிஷ். கிளே பாருக்குப் பின் மெல்லிய கீறலோ நிழல் போன்ற கறையோ எஞ்சினால் பயன்படுத்தலாம். இது கிளியர் கோட்டைச் சிறிதளவு தேய்க்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கும் அசையாத எப்பாக்சித் துளிகளைப் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் தேர்ந்த பட்டறையிடம் விட வேண்டும். அவர்கள் 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து எடுப்பார்கள். வீட்டில் செய்யும் வேலையன்று.

செய்யக் கூடாதவை

* தின்னர்: பட்டறையில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டால் மறுபூச்சு செய்த கார்களில் இது அந்தப் பூச்சையே கரைத்துவிடும். அந்த வகை எத்தனை ஆண்டு காய்ந்தாலும் மீண்டும் கரையக்கூடியது. பழைய கார் வாங்கியவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைப் பூச்சையும் தின்னர் மங்கச் செய்யலாம்.
* பெட்ரோல்: தீப்பிடிக்கும் ஆபத்து, இதைத் தொடவே வேண்டாம்.
* பிளேடு: தகட்டில் கூடாது. கண்ணாடியில் மட்டும், சோப்புத் தண்ணீர் தடவி, சாய்த்துப் பிடித்துப் பயன்படுத்தலாம்.
* முகப்பு விளக்கு: அதன் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கரைப்பான் பட்டால் நுண்விரிசல் விடும். கிளே பார் மட்டுமே போதும்.
* மேட் பூச்சு: பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

எந்தக் கரைப்பானையும் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து கையாள வேண்டும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிட வேண்டும்.

நீக்கிய பின்பும், வரும் முன்பும்

கிளே பார் ஓட்டினால் மேலே இருந்த மெழுகும் போய்விடும். ஆகவே முடிவில் வேக்ஸ் பூசுவது அவசியம். அடுத்த முறை தெறிக்கும் துளி அந்த வேக்ஸின் மேல் விழும், எடுப்பதும் எளிது.

பெயிண்ட் அடிப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு. காற்று பலமாக வீசும் நேரத்தில் ஸ்ப்ரே செய்யாமல் தள்ளிவைப்பது, தார்ப்பாய் கட்டி மறைப்பது, அருகில் நிற்கும் வண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்வது, விளிம்புகளில் தூரிகையையோ உருளையையோ பயன்படுத்துவது ஆகியவை அதிகச் செலவில்லாத வழிகள். வண்டியை நிறுத்துபவர், வேலை நடக்கும் இடத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். காற்று போகும் பக்கத்தில் அன்று. மூடுதுணி இருந்தால் போட்டுவைக்கலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டியின் தோற்றமும் மறுவிற்பனை விலையும் வருமானத்தைச் சேர்ந்தவை. இடம் பார்த்து நிறுத்தும் இரண்டு நிமிடம், ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தும்.